பல் செட்டில் நானோ பவுடர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பல் செட்டு செய்யும் லேப் வைத்திருக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வரை உள்ள கிளினிக்குகளிலிருந்து அளவும் மாடலும் வரும், செட்டாகத் திரும்பிப் போகும். கொஞ்ச காலமாக எல்லோரும், பிளாஸ்டிக்கில் மிக நுண்ணிய பவுடர் கலந்து செய்யும் 'நானோ போட்ட செட்டு' பற்றிக் கேட்கிறார்கள். செட்டு போட்டவர்களின் பிள்ளைகள், மற்ற லேப்காரர்கள், ஆய்வுக்காக வரும் பல் மருத்துவ மாணவர்கள் என்று ஆள்தான் மாறுகிறதே தவிர சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கீழே உள்ள பதில்கள் மேலே சொன்னதை நம்பி நிற்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

பல் செட்டு எதுல செய்யறீங்க அண்ணா? வெறும் பிளாஸ்டிக்தானா?

பிளாஸ்டிக்தான். அக்ரிலிக் என்போம், முழுப் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். கடை போர்டுக்குப் போடும் அக்ரிலிக் ஷீட்டும் இதே சரக்குதான். 1937-இல் வால்டர் ரைட் என்பவர் இதைப் பல் செட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் வல்கனைட் என்ற கெட்டிப்படுத்திய ரப்பரில் செய்தார்கள், ஈறின் நிறம் அதில் சரியாக வராது. அக்ரிலிக் வந்த சில வருடங்களிலேயே வல்கனைட் ஒதுங்கிவிட்டது.

எங்களிடம் வருவது ஒரு டப்பா பவுடரும் ஒரு பாட்டில் லிக்விடும். பவுடர் என்பது ஏற்கெனவே இறுகிய பிளாஸ்டிக்கின் பொடி உருண்டைகள், லிக்விட் என்பது இன்னும் இறுகாத மோனோமர். கன அளவில் மூன்று பங்கு பவுடருக்கு ஒரு பங்கு லிக்விட் விட்டு மூடி வைத்தால் முதலில் மணல் மணலாக இருக்கும், பிறகு நூல் நூலாக இழுபடும், அப்புறம் கையில் ஒட்டாத மாவுப் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் பிளாஸ்க் என்ற உலோக அச்சுப் பெட்டிக்குள் வைத்து அழுத்தி வெந்நீரில் வேக வைக்கிறோம். ஈறு மாதிரி தெரிய நிறமியும் மெல்லிய சிவப்பு நார்களும் பவுடரிலேயே இருக்கும்.

கீழ விழவே இல்ல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே எங்கம்மா செட்டு நடுவுல ரெண்டா பொளந்துடுச்சு. எப்படி?

மேல் செட்டில் இது ரொம்ப சகஜம். ஒவ்வொரு கடியிலும் செட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. நாளைக்கு எத்தனை கடி, வருடத்துக்கு எத்தனை கடி என்று நினைத்துப் பாருங்கள். எங்கேயோ ஒரு மெல்லிய கீறல் விழுகிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது, கடைசியில் இட்லி சாப்பிடும்போதுகூடப் பிளந்துவிடும். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு சதை நூல் தெரியும். அது இடிக்காமல் இருக்க செட்டின் விளிம்பில் 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு விடுகிறோம். கடியின் அழுத்தம் எல்லாம் அந்த வெட்டின் முனையில் வந்து குவிவதால் கீறல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். இன்னொன்று, பல் இல்லாத ஈறு எலும்பு வருடா வருடம் தேய்கிறது, ஆனால் அண்ணத்தின் நடு எலும்பு அந்த அளவு தேய்வதில்லை. செட்டு நடுவில் முட்டுக் கொடுத்து இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கிறது.

உடைந்த செட்டு லேப்புக்கு வந்தால் முதலில் டேபிள் லைட்டில் உடைந்த முகத்தைச் சாய்த்துப் பார்ப்பேன். வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் வழுவழுப்பாக, டீக்கறை ஏறிப் பழுப்பாக இருக்கும். மீதி முகம் சொரசொரப்பாக, புத்தம் புது இளஞ்சிவப்பில் இருக்கும். பழுப்பான இடம் ரொம்ப நாளாகவே கீறலாக இருந்து எச்சிலும் டீயும் உள்ளே போன பகுதி, சொரசொரப்பான இடம்தான் அன்றைக்கு உடைந்தது. அம்மா சாப்பிட்ட சாப்பாட்டின் மேல் தப்பு இல்லை, செட்டு பல மாதமாக உடைந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

நானோன்னா என்ன? விளம்பரத்துக்குச் சொல்ற வார்த்தையா?

அளவைச் சொல்லும் வார்த்தை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகளை நானோ துகள் என்கிறார்கள். தலைமுடியின் தடிமன் 50,000 நானோமீட்டருக்கு மேல் இருக்கும், எங்கள் அக்ரிலிக் பவுடரின் உருண்டைகூடப் பல்லாயிரம் நானோமீட்டர். அதனால் நானோ துகள் உருண்டைக்குள் போவதில்லை, உருண்டைகளுக்கு நடுவே மோனோமர் இறுகும் இடத்தில்தான் போய் உட்கார்கிறது.

இவ்வளவு சின்னதாக்குவதற்குக் காரணம் பரப்பு. எடையைக் கூட்டாமல் துகளைப் பத்து மடங்கு சின்னதாக்கினால் பிளாஸ்டிக்கைத் தொடும் மொத்தப் பரப்பு பத்து மடங்கு ஆகும். கொஞ்சமே போட்டாலும் நிறைய இடத்தில் பிடிமானம் கிடைக்கிறது.

பவுடர் கலந்தா பிளாஸ்டிக் எப்படி பலமாகும்? எதையாவது கலந்தா பலம் குறையத்தானே செய்யும்?

சரியான சந்தேகம், கண்டதைக் கலந்தால் குறையத்தான் செய்யும். ஆனால் சிர்கோனியா, அலுமினா மாதிரி கெட்டியான உலோக ஆக்சைடுத் துகள் நன்றாகப் பரவி, பிளாஸ்டிக்கோடு ஒட்டியும் நின்றால், முன்னேறி வரும் கீறல் அதில் முட்டி வழி மாற வேண்டியிருக்கிறது. நேராக ஓட வேண்டிய கீறல் வளைந்து வளைந்து ஓடினால் அதற்கு அதிக சக்தி செலவாகும். கூடவே கடியின் பாரத்தில் ஒரு பங்கைப் பிளாஸ்டிக்கிடமிருந்து துகள் வாங்கிக்கொள்ளும்.

சிர்கோனியாவுக்கு இன்னொரு காரணமும் கட்டுரைகளில் வரும். அழுத்தம் பட்டால் அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு சுமார் 4 சதவீதம் பெருத்து, கீறலின் வாயை இறுக்கி மூடும் என்பார்கள். முழுக்க சிர்கோனியாவில் செய்த பல் கேப்பில் இது உண்மை. பிளாஸ்டிக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் துகளுக்கு அந்த விளக்கத்தை அப்படியே எடுத்துப் போட எனக்குத் தயக்கம் உண்டு, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் சரக்கு இல்லை. கீறல் வழி மாறுவதும் நல்ல ஒட்டுதலும்தான் இங்கே முக்கியம் என்பது என் கணிப்பு.

அப்போ ஒரு கரண்டி கூடவே போட்டுடலாமே, இன்னும் பலமா இருக்கும்ல?

இருக்காது. எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மேலே சொன்ன அந்தப் பெரிய பரப்பே இங்கே எதிரியாகிறது. நானோ துகள்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் காய்ச்சும்போது கேழ்வரகு மாவை அவசரமாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, மேலே பதமாக இருக்கும், கட்டிக்குள்ளே பச்சை மாவு அப்படியே காய்ந்து கிடக்கும், அதேதான். துகள் கட்டிக்குள்ளும் மோனோமர் புகுந்திருக்காது, வெறும் பொடிதான் இருக்கும். கீறலைத் தடுக்க வேண்டிய துகள், கட்டியானதும் கீறல் பிறக்கும் இடமாகிவிடுகிறது.

சிர்கோனியாவை எடையில் 1 முதல் 7 சதவீதம் வரை போட்டு நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு அளவு வரை பலம் ஏறும், அதைத் தாண்டினால் திரும்ப இறங்கும். அந்த அளவு எது என்பது துகளின் சைஸ், மேல் பூச்சு, கலந்த விதம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும், அதனால்தான் ஒரு கட்டுரையில் நன்றாக வந்த சதவீதம் இன்னொன்றில் சறுக்குகிறது. அதோடு பவுடர் கூடக் கூட மாவு சீக்கிரம் இறுகிவிடும், உருண்டைகளை நனைக்க லிக்விட் போதாது, பிளாஸ்க்கில் முழுசாக நிரம்பாமல் உள்ளே ஓட்டை விழும். சிலர் துகளை லிக்விடில் போட்டு ஒலி அதிர்வுக் கருவியால் பிரித்துவிடுகிறார்கள், சிலர் பவுடரோடு மில்லில் போட்டு அரைக்கிறார்கள். லிக்விடில் செய்வதானால் பாத்திரத்தை ஐஸில் வையுங்கள். அதிர்வில் சூடாகி மோனோமர் ஆவியானால் விகிதமே கெட்டுவிடும்.

சிலேன் பூசாத பவுடர் விலை கம்மியா கிடைக்குது சார், அது போதாதா?

முதுநிலை மாணவர்கள் கேட்பது. போதாது. சிர்கோனியா, சிலிக்கா எல்லாம் கனிமம், அக்ரிலிக் கரிமம், இரண்டும் தானாக ஒட்டாது. இரண்டையும் ஒட்ட வைக்கத் துகளின் மேல் பூசும் வேதிப்பொருள்தான் சிலேன். சிலேன் மூலக்கூறின் ஒரு முனை துகளின் மேலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு பிணையும், மறுமுனையில் மெத்தாக்ரிலேட் இருப்பதால் மோனோமர் இறுகும்போது அதுவும் சங்கிலியில் சேர்ந்துகொள்ளும். அது இல்லாவிட்டால் துகள் வெறுமனே ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும், வாயின் ஈரம் அந்த இடைவெளியில் மெல்லப் புகும். சிலேன் பூசினால் கட்டி தட்டுவதும் குறையும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சிலேன் சிலிக்காவில் பிடிப்பது போல சிர்கோனியாவில் உறுதியாகப் பிடிக்காது. அதனால் பூசியாயிற்று என்று விட்டுவிடாமல், பூச்சு ஏறியிருக்கிறதா என்று அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

எந்தப் பவுடர் பெஸ்ட்? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பலத்துக்கு என்று எடுத்தால் அதிகம் ஆராயப்பட்டது சிர்கோனியா, வாய்க்கு ஒவ்வும் பொருள் என்ற பெயரும் அதற்கு உண்டு. டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) நல்ல வெள்ளை, கொஞ்சம் போனாலும் ஈறு நிறம் வெளிறிவிடும், ஆனால் செட்டுப் பவுடரில் ஒளி ஊடுருவாமல் இருக்க ஏற்கெனவே சிட்டிகை அளவு அதைத்தான் சேர்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அலுமினா வெப்பத்தைக் கடத்தும். வெறும் அக்ரிலிக் வெப்பத்தைக் கடத்தாததால்தான் செட்டு போட்டவர்களுக்கு டீ சூடு அண்ணத்தில் தெரிவதில்லை, தொண்டையில் போய்ச் சுடும். கார்பன் குழாய் பலம்தான், ஆனால் செட்டு கறுத்துவிடும், அதை யார் வாயில் வைப்பார்கள்?

நிறத்துக்குக் காரணம் ஒளிவிலகல் எண். அக்ரிலிக்குக்கு 1.49, சிலிக்காவுக்கு 1.46. இரண்டும் பக்கத்தில் இருப்பதால் சிலிக்கா உள்ளே இருப்பதே தெரியாது. சிர்கோனியா 2-ஐத் தாண்டும், டைட்டானியா 2.5-ஐத் தாண்டும். வித்தியாசம் கூடக் கூட ஒளி சிதறி, செட்டு சுண்ணாம்பு பூசியது மாதிரி மங்கும். முன்பல் பக்கம், சிரித்தால் தெரியும் இடத்தில் இது ரொம்ப முக்கியம், அண்ணத்துப் பக்கம் பரவாயில்லை.

வெள்ளி நானோ போட்டா வாய்ப்புண்ணு, பூஞ்சை எதுவும் வராதாமே?

செட்டுக்குக் கீழே அண்ணம் சிவந்து போவதற்குப் பெரிய காரணம் கேண்டிடா என்ற பூஞ்சை. வெள்ளித் துகள், துத்தநாக ஆக்சைடு, டைட்டானியா எல்லாம் சோதனைக் கூடத்தில் அதன் வளர்ச்சியைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. ஆனால் வெள்ளி பலத்துக்கான சரக்கு இல்லை, கூடப் போட்டால் பலம் குறையவும் செய்யும், செட்டும் மஞ்சளாகி பழுப்பேறும். பூஞ்சை எதிர்ப்பும் வெள்ளி அயனி வெளியே வந்துகொண்டிருக்கும் வரைதான்.

ராத்திரி செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவருக்கு எந்த நானோவும் உதவாது. கழற்றி, மெத்தென்ற பிரஷ்ஷில் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள், வெந்நீர் வேண்டாம், செட்டு கோணிவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் மேல் பாலிஷ் போய்ச் சின்னச் சின்னக் கீறல் விழும், அந்தக் கீறல்களில்தான் பூஞ்சை குடியேறும்.

எங்க ஆயா வெத்தலை பாக்கு விட மாட்டாங்க, காசிமேட்டு நண்டும் விட மாட்டாங்க. அவங்களுக்கு நானோ செட்டு போட்டா தாங்குமா?

நண்டை உடைத்து, சதையை எடுத்துக் கொடுங்கள், சாப்பிடட்டும். ஓட்டைக் கடித்து உடைப்பதற்கு எந்த அக்ரிலிக் செட்டும் செய்யப்படவில்லை. மீன் பிரச்சினையே இல்லை. பாக்கு வேறு விஷயம். ஒரே பக்கமாகப் போட்டு மென்றால் செட்டு அந்தப் பக்கம் சாய்ந்து, இரண்டாவது பதிலில் சொன்ன ஆட்டம் வேகமாக ஆரம்பிக்கும், சுண்ணாம்பு காரையாகப் படியும். அதைவிடப் பெரிய விஷயம், பாக்கு புகையிலை இல்லாமலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆயாவின் செட்டுக்குக் கீழே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் செட்டை மறந்துவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியோ கோட்டை ஸ்டேஷன் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியோ, எது கிட்டே இருக்கிறதோ அங்கே போங்கள்.

கழுவும்போது ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதற்கு மேல் பிடித்துக் கழுவச் சொல்லுங்கள். மொசைக் தரையில் விழுந்து உடையும் கீழ் செட்டுகளில் பாதி இப்படிச் செய்தாலே தப்பிக்கும் என்று தோன்றுகிறது.

நானோ இல்லாம செட்டை பலமா செய்யவே முடியாதா?

முடியும். இதை நான் கத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பட்டையான ஒரு துண்டு எவ்வளவு வளைவைத் தாங்கும் என்பது தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். அண்ணத்தில் 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டியதை ட்ரிம் பண்ணிப் பண்ணி 1.5-க்குக் கொண்டுவந்தால் தாங்கும் பாரம் 44 சதவீதம் குறைந்துவிடும். கணக்கு அவ்வளவுதான், 0.75 பெருக்கல் 0.75. அரை மில்லிமீட்டரில் இழந்ததை எந்த நானோ பவுடரும் சுலபமாக ஈடுகட்டாது.

அடுத்தது வேக வைப்பது. 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு கொதிநிலையில் 1 மணி நேரம், அல்லது 74 டிகிரியிலேயே 8 மணி நேரம் என்பது பழைய, நம்பகமான முறை. மோனோமர் சுமார் 100 டிகிரியில் கொதிக்கும். சாயந்தரம் டெலிவரி என்று பிளாஸ்க்கை நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தடிமனான இடத்தில் மோனோமர் உள்ளேயே கொதித்துக் குமிழி விட்டுவிடும், நேரம் குறைத்தால் வேகாத மோனோமர் மிஞ்சி செட்டை இளக வைக்கும், வாயும் எரியும். பிளாஸ்க்கைத் தானாக ஆறவிட்டுப் பிரிப்பது, 'வி' வெட்டின் முனையைக் கூராக விடாமல் உருட்டிவிடுவது, ஆடும் செட்டை டாக்டரிடம் அனுப்பி ரிலைன் பண்ணுவது (ஈறைத் தொடும் பக்கம் புது அக்ரிலிக் ஏற்றி ஈறோடு பொருத்துவது), இதற்கெல்லாம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இவ்வளவும் சரியாக இருக்கும் செட்டில்தான் நானோவின் பலன் தெரியும்.

நானோ துகள் வயித்துக்குள்ள போனா ஆபத்தா?

இறுகிய பிளாஸ்டிக்குக்குள் பிணைந்திருக்கும் துகள் சும்மா உதிர்ந்து வராது. தேயும்போது மிகக் கொஞ்சம் வரலாம், அதனால்தான் சிலேன் ஒட்டுதல் முக்கியம். டைட்டானியாவை உணவில் வெள்ளை நிறமியாகச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது, அது செட்டுக்கான தடை இல்லை, ஆனாலும் யோசிக்க வைக்கும் செய்தி.

எனக்கு உண்மையில் கவலை லேப்பில் வேலை செய்யும் பையன்களைப் பற்றித்தான். செட்டு போட்டவர் துகளை மூச்சில் இழுப்பதில்லை, ட்ரிம் பண்ணுகிறவன் இழுக்கிறான், உலர்ந்த நானோ பவுடரை எடை போடுகிறவன் இன்னும் அதிகமாக இழுக்கிறான். கர்ச்சீப் கட்டினால் போதாது. என்95 மாஸ்க், தூசி உறிஞ்சும் மெஷின், ஈரமாக வைத்துத் தேய்ப்பது, மூன்றும் வேண்டும். மோனோமரை வெறும் கையில் தொடாதீர்கள், சாதாரண ரப்பர் கையுறைக்குள்ளும் அது சீக்கிரம் ஊடுருவிவிடும்.

ஆன்லைன்ல நூறு கிராம் பாக்கெட் கிடைக்குது, நாங்களே லேப்ல கலந்து கொடுத்துடலாமா?

வியாசர்பாடி, மூலக்கடை லேப்காரர்கள் சிலர் கேட்டார்கள். வேண்டாம். கெமிக்கல் கடைச் சரக்கு வாயில் வைப்பதற்கென்று பரிசோதிக்கப்பட்டது இல்லை, அதன் சைஸும் சுத்தமும் லேபிளில் போட்டிருப்பதுதானா என்று பார்க்க நம்மிடம் கருவியும் இல்லை. கட்டி தட்டியிருக்கிறதா என்பதும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பல் மருத்துவப் பொருட்கள் 2017-இன் மருத்துவக் கருவி விதிகளுக்குக் கீழே வருகின்றன, கம்பெனி டப்பாவைத் திறந்து நாம் எதையாவது சேர்த்த நிமிடமே அது கம்பெனி சான்று கொடுத்த பொருளாக இருக்காது. மாதிரித் துண்டு செய்து கற்றுக்கொள்ளுங்கள், தாராளமாக. நோயாளி வாய்க்குப் போகும் செட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வளைவுச் சோதனைல நம்பர் நல்லா ஏறுது சார், ஆனா இம்பாக்ட்ல இறங்குது. எங்க தப்பு?

தப்பு இல்லாமலும் இருக்கலாம். வளைவுச் சோதனை மெதுவாக அழுத்துவது, இம்பாக்ட் ஒரே அடி. கெட்டியான துகள் சேர்ந்தால் பிளாஸ்டிக் விறைக்கும், விறைத்த பொருள் மெதுவான பாரத்தைத் தாங்கும், திடீர் அடியை வளைந்து உள்வாங்க அதற்குத் தெரியாது. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து 'பலம் கூடியது' என்று எழுதிவிடாதீர்கள். விழுந்து உடைவதற்கு இம்பாக்ட் பதில் சொல்லும், வாயில் பிளப்பதற்குக் கீறல் எதிர்ப்பும் (கீறல் நீளாமல் தடுக்கும் திறன்) சோர்வுச் சோதனையும் (சின்ன பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது) பதில் சொல்லும். இரண்டாவது பதிலில் சொன்ன பழுப்புக் கீறல் வளைவுச் சோதனையில் வரவே வராது.

எப்படிச் சோதித்தீர்கள் என்பதையும் பாருங்கள். செட்டு பிளாஸ்டிக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20795-1 படி 64க்கு 10க்கு 3.3 மில்லிமீட்டர் துண்டு, 37 டிகிரித் தண்ணீரில் 50 மணி நேரம் ஊற வேண்டும், அழுத்துவதும் தண்ணீருக்குள்ளேயே. ஹீட் க்யூர் (வேக வைத்து இறுக்கும்) அக்ரிலிக்குக்கு வளைவு பலம் குறைந்தது 65 மெகாபாஸ்கல் வர வேண்டும். உலர்ந்த துண்டைச் சோதித்தால் எண் அழகாக வரும், வாயில் எதுவும் உலர்ந்து இருப்பதில்லை. 'அதிகத் தாக்கம் தாங்கும்' என்று சொல்லிக்கொள்ள அதே தரத்தில் கீறல் எதிர்ப்புக்குத் தனி எல்லை இருக்கிறது, மொத்த முறிவு வேலை சதுர மீட்டருக்கு 900 ஜூல். உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்காமல் விடாதீர்கள். எண் இறங்கிய துண்டில் கீறல் பிறந்த இடத்தைத் தேடினால் பெரும்பாலும் அங்கே ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும்.

உடைஞ்ச செட்டை ஒட்டும்போது நானோ சேர்த்து ஒட்டினா திரும்ப உடையாதா?

முதலில், வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒரு இழை மாறி ஒட்டினாலும் எங்களால் திரும்பச் சேர்க்க முடியாது, புது செட்டுதான் செய்ய வேண்டிவரும். துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

ஒட்டுவதற்கு நாங்கள் போடுவது பெரும்பாலும் வேக வைக்காமல் தானே இறுகும் செல்ஃப் க்யூர் அக்ரிலிக், அது ஹீட் க்யூர் அளவு பலம் இல்லை. அதில் நானோ சேர்த்தும் ஆய்வுகள் உண்டு, சில அளவுகளில் ஏற்றமும் வந்திருக்கிறது. ஆனால் ஒட்டு பிரிவது பழையதும் புதியதும் சேரும் கோட்டில்தான். விளிம்பைச் சாய்வாகச் சீவுவது, மோனோமரால் 180 விநாடி நனைப்பது, பிறகு பூசுவது, இந்த மூன்று நிமிடப் பொறுமைதான் அந்தக் கோட்டைக் காப்பாற்றும். செட்டு ஏன் உடைந்தது என்று பார்க்காமல் ஒட்டிக் கொடுத்தால் அதே இடத்தில் திரும்பப் பிளக்கும்.

கம்பி வலை வைக்கிறாங்க, கண்ணாடி நார் வைக்கிறாங்க. நானோ இதைவிட மேலா?

வேலை வேறு. கம்பி வலை அக்ரிலிக்கோடு ஒட்டாது, உடைந்தாலும் துண்டுகள் பிரியாமல் தொங்கும், அவ்வளவுதான் அதன் உதவி. கண்ணாடி நாரை நன்றாக நனைத்து, கீறல் ஓடும் திசைக்குக் குறுக்கே, இழுவை விழும் பக்கம் வைத்தால் நடுப்பிளவுக்கு ரொம்ப நல்ல தடுப்பு. திரும்பத் திரும்ப நடுவில் உடைக்கிறவருக்கு நான் நார்தான் சொல்வேன். கடி ரொம்ப பலமாக, எதிரே சொந்தப் பல்லோடு இருப்பவருக்கு கோபால்ட் குரோம் உலோக அண்ணம், செலவு அதிகம், எடையும் உண்டு. நார் ஒரே திசையில் தாங்கும், நானோ எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கும்.

இப்போ மெஷின்ல கடைஞ்சும் 3டி பிரிண்ட் போட்டும் செட்டு வருதே, அதுக்கும் நானோ வேணுமா?

கடைந்து எடுக்கும் செட்டுக்கான வட்டு, கம்பெனியில் அதிக அழுத்தத்தில் இறுகியது, குமிழியும் மிச்ச மோனோமரும் குறைவு, அதற்கு அவசரம் இல்லை. பிரிண்ட் செட்டு அப்படி இல்லை, அடுக்கு அடுக்காக ஒளியில் இறுகுவதால் அடுக்குகளுக்கு நடுவே பலவீனம் உண்டு. அதனால் நானோ ஆராய்ச்சி இப்போது அந்தப் பக்கம் நன்றாகவே நகர்ந்திருக்கிறது. அங்கே ஒரு புதுச் சிக்கல், துகள் ஒளியைச் சிதறடித்தால் பிரிண்டர் தொட்டியில் ஊற்றும் திரவப் பிசின் ஆழம் வரை இறுகாது, துகள் தொட்டியின் அடியிலும் படியும். ஒளிவிலகல் எண் பற்றி மேலே சொன்னது இங்கே நிறத்தோடு நிற்காமல் பலத்தையும் பாதிக்கிறது.

நானோ செட்டுன்னு சொல்லி அதிகம் காசு கேக்கறாங்க. நிஜமாவே இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையில் வாங்கிப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சிர்கோனியா கணிசமாக இருந்தால் எக்ஸ்ரேயில் சாதாரண அக்ரிலிக்கைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை, செட்டுத் துண்டை விழுங்கிவிட்டு வருபவரிடம் டாக்டர்கள் திண்டாடுவது அதனால்தான். ஆனால் சிலிக்கா இருந்தால் எக்ஸ்ரேயும் கைகொடுக்காது.

அதனால் டப்பாவைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி பொருள், லேபிளில் ஐஎஸ்ஓ 20795-1 இருக்கிறதா, என்ன துகள் என்று எழுதியிருக்கிறதா, லாட் எண்ணும் காலாவதித் தேதியும் என்ன என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கினால் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்காதீர்கள். நல்ல ஹீட் க்யூர் செட்டு ஒன்றைச் சரியான தடிமனில் செய்து வாங்கி, வருடத்துக்கு ஒரு தடவை ஆட்டம் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் அந்தக் காசில் ரிலைன் பண்ணிக்கொள்ளுங்கள்.